அஞ்சாவது கப்பல்

ஜெரோமி: …இல்ல தனு, நாலு கப்பல் வந்துருச்சு. அஞ்சாவதுதான் இன்னும் வரல.

தனுஜா: போன் ரிப்பேர் கடையப் பூட்டிட்டு, என் ஸ்டூடியோவுல வந்து கப்பல் எண்ணுறே. மல மேல இருக்கிற ஹட்டன்ல கடல் எங்க இருக்கு?

ஜெரோமி: கொத்மல டேம்ல தண்ணி இருக்குல்ல.

தனுஜா: அதுல தோணி போகும். போர்க்கப்பல் போகாது.

ஜெரோமி: நான் வெளையாடுற பிளேன் சண்ட கேமுக்குக் கேக்குறேன். நாப்பத்திரெண்டுல, ஈஸ்டர் அன்னைக்கு, ஜப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான்ல? அந்தப் பிளேனெல்லாம் அஞ்சு கப்பல் மேலருந்து பறந்து வந்திச்சு. கேம்ல அந்தக் கப்பலுங்க இல்ல. யாராச்சும் கம்ப்யூட்டர்ல செஞ்சு குடுத்தாத்தான் உண்டு.

தனுஜா: அப்ப நீ ஜப்பான் பக்கமா?

ஜெரோமி: சேச்சே… கொழும்பைக் காப்பாத்துற பக்கம். எதிரி வந்தாத்தானே காப்பாத்த முடியும்?

தனுஜா: ம்… அதுக்குத்தான் அந்த ஹிரோஷியா?

ஜெரோமி: இன்டர்நெட்ல கெடச்ச மனுசன். டோக்கியோவாம். சும்மாவே செஞ்சு அனுப்புறாரு. அக்காகி கப்பல்ல மேல இருக்கிற கட்டடம் இடது பக்கம். தெரியாதவங்க வலது பக்கம் வச்சிருவாங்க. அவரு சரியா வச்சாரு.

தனுஜா: வைக்காம? எத்தன பழைய போட்டோவ… பாத்திருப்பாரு, பாவம்.

ஜெரோமி: பாவந்தான். அதான் நேர்லயே போய் நன்றி சொல்லலாம்னு இருக்கேன்.

தனுஜா: எங்க?

ஜெரோமி: டோக்கியோவுக்கு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கத்தான் இங்க வந்தேன். காது தெரியணுமா?

தனுஜா: வெளையாடாத.

ஜெரோமி: முடிய ஒதுக்கிக்கவா?

தனுஜா: ஜெரோமி… அங்க சரியான குளிரு.

ஜெரோமி: பட்டிப்பொலயில பொறந்தவனுக்கா?

தனுஜா: பாஷ தெரியாது ஒனக்கு.

ஜெரோமி: ஹிரோஷி இருக்காருல்ல.

தனுஜா: அவருக்கு… ஒடம்பு கிடம்பு சரியில்லாம இருந்தா?

ஜெரோமி: அப்பன்னா கட்டாயம் போகணும். மனசுல இருக்கிறதெல்லாம் அவருகிட்டத்தான் எழுதியிருக்கேன். ஒரு புள்ளயப் பத்திக்கூட.

தனுஜா: அதான் அந்தப் புள்ளகிட்டயே போய்ச் சொல்லுன்னு எழுதி…

ஜெரோமி: எழுதி?

தனுஜா: ஒண்ணுமில்ல. காது தெரியணும், முடிய ஒதுக்கு.

ஜெரோமி: அப்பிடித்தான் பதில் போட்டிருந்தாரு. ஒனக்கு எப்பிடித் தெரியும்?

தனுஜா: நிமிந்து ஒக்காரு. லைட்டப் போடுறேன்.

ஜெரோமி: தனு.

தனுஜா: சரி… ஹிரோஷின்னு யாரும் இல்ல. கல்யாண ஆல்பம் வேலயெல்லாம் முடிச்சிட்டு, நாந்தான் ஒக்காந்து செஞ்சேன். சொன்னா நீ கிண்டல் பண்ணுவேன்னு பேர மாத்திக்கிட்டேன். டிக்கெட் கிக்கெட் எடுத்துறாத.

ஜெரோமி: தெரியும்.

தனுஜா: என்னா தெரியும்?

ஜெரோமி: ஹட்டன்ல கரண்டு போனா டோக்கியோவுல ஹிரோஷியும் காணாமப் போயிர்றாரு. தீவாளிக்கு வேற லீவு போட்டாரு.

தனுஜா: தெரிஞ்சேதான் அந்தப் புள்ளயப் பத்தி எழுதினியா?

ஜெரோமி: பக்கத்துக் கடதான்… ஆனா வந்து நின்னா வாயே வரல. ஜப்பானச் சுத்தி வந்தேன்.

தனுஜா: ஒங்க வீட்ல சர்ச்சு, எங்க வீட்ல கோயிலு. ரெண்டு வீட்லயும் சும்மா விடுவாங்களா? யோசிச்சியா?

ஜெரோமி: யோசிச்சேன். சண்ட வரும். ஒங்க அப்பாகிட்ட நானே வந்து பேசுறேன்.

தனுஜா: அவருகிட்டயாச்சும் வாய் வருமா?

ஜெரோமி: நீ பக்கத்துல நில்லு. வரும்.

தனுஜா: நிக்கிறேன்… ஆமா, எல்லாம் தெரிஞ்சவன், அஞ்சாவது கப்பலக் கேட்டு தெனமும் எதுக்கு நச்சரிச்ச?

ஜெரோமி: அது வேற ஒரு எடத்துல போன மாசமே கெடச்சிருச்சு. கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னா, நீ எழுதுறத நிப்பாட்டிருவியோன்னுதான்…

தனுஜா: லூசு. நான் அத அதுக்கும் முந்தியே செஞ்சு முடிச்சிட்டேன். அனுப்பிட்டா நீ கேக்குறத நிப்பாட்டிருவியோன்னு வச்சிருக்கேன்.