டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

இந்த ஊர் வெயிலில் பஸ் பிடித்துக் கார்டன் ரீச் வரைக்கும் வந்திருக்கிறாய், மாரியப்பா. முதலில் ஃபேனுக்கு நேராக உட்கார். உன் அக்கா சாவித்திரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாய். சொல்கிறேன், எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

துறைமுகக் குவார்ட்டர்ஸில் அனந்தலக்ஷ்மி மாமி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து மாற்றலாகி யார் வந்தாலும் முதல் ஆறு மாதம் என் வாய்தான் அவர்களுக்கு வாய். ரேஷன் கடை, கேஸ், டாக்டர், எங்கே போனாலும் நான்தான் பெங்காலியில் பேசிக்கொடுப்பேன். முப்பது வருஷப் பழக்கம், மீன் சாப்பிடாத குறை ஒன்றுதான். அவ்வப்போது கொஞ்சம் உப்பு, காரம் சேர்ப்பதும் உண்டு. சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன டாக்டர் பேச்சையும் குறைக்கச் சொன்னார் என்று பக்கத்து வீட்டு நாகலட்சுமியின் மாமியாரிடம் சொல்லிவிட்டேன். அந்த வீடு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தது.

உன் அக்கா சமர்த்து. அதுதான் வினை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே காய்காரனிடம் அரைகுறைப் பெங்காலியில் பேரம் பேச ஆரம்பித்தாள். ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலையும் கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு கிடையாது மாமி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. தொந்தரவு என்று நான் எப்போதாவது சொன்னேனா?

ஏப்ரலில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. மூத்தது ஆபரேஷனில் பிறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. "இது இப்ப வேண்டாம் மாமி. அவுகளும் சரின்னுட்டாக. டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். வெளியே தொண்ணூற்றாறு தேர்தலுக்கு மைக் அலறிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா பெங்காலியில் நிதானமாகச் சொன்னார். ஏழு வாரம்தான், இப்போதே முறையாகச் செய்தால் ஆபத்து மிகக் குறைவு, சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம். ரத்தப்போக்கு அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வர வேண்டும், ஆனால் அது அபூர்வம். பின்னால் பிள்ளை பெற அது தடையாகாது. தள்ளிப்போட்டால்தான் சிக்கல் கூடும், கண்டவர்களிடம் போகவே கூடாது.

"என்ன சொல்லுதாக மாமி?" சாவித்திரி என் முகத்தையே பார்த்தாள்.

"கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆயிடுமாம். பத்துல நாலு பேர் பிழைக்கறதில்லையாம். பெத்துக்கறதுதான் நல்லதுங்கறா" என்றேன்.

டாக்டரம்மாவிடம் திரும்பி, பெண் மனசு மாறிவிட்டாள் என்றேன். அவர் தாம் சொன்னதையும் பெண் மனசு மாறியதையும் இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். நீ யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தாயே, அதே சீட்டுதான்.

பெற்றுக்கொள்வாள், வேலையை விட்டு வீட்டோடு இருப்பாள், எனக்கும் பொழுது போகும் என்று நினைத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கத்திக்குத்தான் பயந்தாள், முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. கத்தியில்லாமல் வேரை வைத்துக் கலைப்பவள் ஒருத்தி பஸ்திக் குடிசையில் இருக்கிறாள் என்று வேலைக்காரி சொல்லியிருக்கிறாள். தன்னுடைய அரைகுறைப் பெங்காலியை நம்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாலாம் நாள் காய்ச்சல் நூற்றி நாலு. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டிருந்தது. விடிவதற்குள் போய்விட்டாள். அங்கேயும் உன் மச்சானுக்கு நான்தான் பேசிக்கொடுத்தேன். ஆரம்பத்திலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் இந்தப் பெண் இன்றைக்கு உயிரோடு இருப்பாள், யார் இவளைப் பயமுறுத்தியது என்று அந்த டாக்டர் கத்தினார். "விதி முடிஞ்சா யார் என்ன பண்ண முடியும்ங்கறார்" என்று உன் மச்சானிடம் சொன்னேன். அழுகிற மனுஷனிடம் வேறு என்னத்தைச் சொல்வது?

ஆக, சீட்டில் இருப்பதுதான் நிஜம். உன் அக்காவை அந்த வேர்க்காரியிடம் விரட்டியது நான் சொன்ன பொய். கொன்றதே நான்தான் என்று நீ சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

போலீசுக்குப் போகிறேன் என்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் அந்த ஸ்டேஷனில் ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது, உனக்குப் பெங்காலி ஒரு வார்த்தை வராது. கொஞ்சம் இரு, புடவை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். நானே கூட வந்து பேசிக்கொடுக்கிறேன்.