ஆணியில் இல்லாத வில்லை

ஈரக்காற்று என் முழங்காலுக்கு ஆகாது, டெபுடி. அதனால் போலீஸ் வாக்குமூலத்தை உட்கார்ந்தபடியே சொல்கிறேன். பெயர் ஓர்வில் ஸ்டாம்பர். கடைசியில் கையெழுத்தை நானே போடுவேன். ஐம்பது வயதுக்குமேல் படித்த எழுத்து, கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அதைச் சொல்லிக்கொடுத்தவள் கொரின் ஹாட்சர். மலையெல்லாம் நாய்களை விட்டுத் தேடுகிறீர்களே, அவள்தான். குகை வாயிலில், இரும்புக் கதவில் ஒரு பலகை தொங்குகிறதல்லவா? 'வௌவால்கள் உறங்குகின்றன. ஏப்ரல் வரை திறக்கக் கூடாது.' நான் முதன்முதலில் முழுசாக வாசித்தது அதைத்தான். "பாத்தீங்களா பெரியவரே, இத்தன வருஷமா எதுக்குக் காவல் இருக்கீங்கன்னு இப்பத்தான் எழுத்தோட தெரியுது" என்று சிரித்தாள். நல்ல பெண். அவளைக் குறையாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் நான் வௌவால் காப்புச் சங்கத்துக்கு வந்தேன். அந்தக் கதவுக்குக் கம்பி வளைத்தது என் கைதான். பித்தளை வில்லை வழக்கத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட வில்லையை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். குகைக்கு அது ரொம்பப் பொருத்தம். அங்கே குரல் கொடுத்து ஆளைத் தேட முடியாது. குளிர்காலத்தில் வௌவாலை எழுப்பிவிட்டால் அது சேர்த்துவைத்த கொழுப்பு கரைந்துபோகும். வெளியே தின்னப் பூச்சியும் இருக்காது. எழுப்புவதும் கொல்வதும் ஒன்றுதான்.

இலையுதிர் காலத்தில் எங்கள் இயக்குநர் வெண்டல் ப்ரூயிட் ஓய்வு பெற்றார். "வெளியாள் வேணாம். குகையோட பழகின நம்ம ஆளு ஒருத்தர்தான் வரணும்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பதவியில் ஆசை இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தேர்வுக் கூட்டத்துக்கு என் தம்பியின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனது குளிருக்காக.

கொரினைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் கைதட்டினேன். பிறகு பீன்ஸும் சோள ரொட்டியுமாக விருந்து. வெண்டல் என் கோட்டைத் தடவிப் பார்த்து, "என்னப்பா ஓர்வில், மாப்பிள்ளை மாதிரி வந்திருக்க? பொண்ணு யாரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொரினும் சிரித்தாள். பெரிதாக இல்லை.

அப்புறம் என் தட்டில் இன்னொரு துண்டு ரொட்டி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிமே நீங்க மலையேறி அலைய வேணாம். நம்பர் அழுத்தினா திறக்கிற பூட்டு ஒண்ணு போடப்போறோம். சாவிய என்கிட்ட குடுத்துட்டு வீட்ல காலை நீட்டி உக்காருங்க." அன்பாகத்தான் சொன்னாள். "இந்தக் குளிர்காலம் கழியட்டும்மா" என்றேன்.

குளிர்காலத்துக்காகக் குகையை அடைக்கும் நாளில் இருவரும் என் வண்டியில் போனோம். உள்ளே வைத்திருந்த வெப்பமானியைப் பார்க்க அவள் மட்டும் இறங்கினாள். அந்தச் சரிவு இப்போது என் காலுக்கு ஒத்துவராது. வாசலில் நின்றேன். பனி தூற ஆரம்பித்தது. பூட்டினேன். பூட்டும்போது ஆணியில் வில்லை இல்லை. நீங்கள் விசாரித்த முதல்நாளே உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். அது பொய்யில்லை. அவளை வீட்டுப் பாதையில் இறக்கிவிட்டேன் என்று சொன்னது மட்டும்தான் பொய்.

மறுநாள் கதவைப் பார்க்கப் போனேன். தினமும் போவது என் வேலை. கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். "மறந்துட்டீங்களா பெரியவரே? என் வில்லைதான் ஆணியில தொங்குச்சே. இந்த வயசுல உங்களுக்குக் கண்ணாடியும் நானே வாங்கித் தரணுமா?"

"மெதுவாப் பேசும்மா. தூங்குதுங்க" என்றேன்.

அடுத்த நாள் சிரிப்பு இல்லை. "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். பதவியையும் நீங்களே எடுத்துக்குங்க. நான் எழுதித் தரேன். தொறங்க ஓர்வில்."

அதுதான் எனக்கு வருத்தம். என்னை அப்படி நினைத்துவிட்டாளே. "அதுக்காக இல்லம்மா. ஏப்ரல் வரைக்கும் தொறக்கக் கூடாது. பலகையில இருக்குல்ல, நீதானே படிக்கச் சொல்லிக்குடுத்த" என்றேன்.

பிறகு ஒருநாள் அவள் வாசலுக்கு வரவில்லை. சத்தமும் இல்லை. புரிந்துகொண்டாள் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் குகைக்கு வந்தது அதற்கப்புறம்தான். விளக்கை அடித்து உள்ளே பார்க்கப் போனீர்கள். வெண்டல்தான் தடுத்தார். "ஆணியில வில்லை இல்லைன்னா உள்ள ஆள் இல்லை சார். அதுங்கள எழுப்பிடாதீங்க." என் வழக்கத்தை அவர் அவ்வளவு நம்பியது கேட்க நன்றாக இருந்தது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். அலுத்துவிட்டது. உங்கள் ஆட்கள் பனியில் ஏறி இறங்குகிறார்கள், அவர்களுக்கும் முழங்கால் உண்டு. இந்தாருங்கள் வில்லை. என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் சரிவில் இறங்கி, விளக்கு வெளிச்சம் மறைந்தபின் நானே ஆணியிலிருந்து எடுத்தேன். வில்லை தொங்கும்போது பூட்டக் கூடாது. அதனால் எடுத்துவிட்டுப் பூட்டினேன்.

எழுந்திருக்காதீர்கள், டெபுடி. சாவி தருகிறேன். ஆனால் ஆளும் விளக்குமாக இப்போதே போய் நுழைய வேண்டாம். அவளுக்கு இனி அவசரம் இல்லை. ஏப்ரலில் நானே வந்து திறந்துவிடுகிறேன்.

இன்னொன்று. சங்கத்துக்கு மறுபடியும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமே. கூட்டம் எந்தக் கிழமை என்று வெண்டலிடம் கேட்டுச் சொல்லுங்கள். கோட்டைச் சலவைக்குப் போட வேண்டும்.