பொன்னாடை வரிசையில் போட்ட கோடி

என் பெயர் ஆயம்மாள், வயது 49, கணவர் சுப்பையன் காலமாகிவிட்டார். சொந்த ஊர் குண்டடம் பக்கம். தற்சமயம் பல்லடம் ரோட்டில் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து வருகிறேன். கையெழுத்துப் போடத் தெரியும், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இன்று காவல் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வது யாதெனில்,

என் ஒரே மகன் சரவணக்குமார், வயது 22, சாயப்பட்டறையில் வேலை செய்து வந்தான். மூன்று வருசத்துக்கு முன் ஆடி மாதம் ஒருநாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "அம்மா, மேனேஜர் கழிவுத் தொட்டிக்குள்ள எறங்கச் சொல்றாரு, வர நேரமாகும், நீ சாப்புட்டுரு" என்றான். அதன் பிறகு விஷவாயு தாக்கி அவனும் கூட இறங்கிய வடக்கத்திப் பையன் ஒருவனும் இறந்துவிட்டார்கள். அன்றைக்கு நான் வைத்த குழம்பைப் பக்கத்து வீட்டு இந்துமதிதான் மறுநாள் எடுத்துக் கொட்டினாள்.

அதன் பிறகு சர்க்கார், ஓய்வு பெற்ற நீதிபதி திரு. தரணீதரன் என்பவரை வைத்து விசாரணைக் கமிஷன் போட்டது. மூன்று மாதத்தில் முடியும் என்றார்கள், பிறகு நீட்டினார்கள், திரும்பவும் நீட்டினார்கள். அவருக்குப் பென்சன் வருகிறது, அதற்கு மேல் காரும் டிரைவரும் துப்பாக்கி போலீசும் ஏசி ரூமும் இருந்தது. எங்கள் கம்பெனியில் கண் மங்கினால் டேபிளை விட்டு எழுப்பிவிடுவார்கள், மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார், பென்சன் என்ற பேச்சே கிடையாது. இவரை வயசாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பி, உட்கார்ந்து சாப்பிடப் பென்சனும் கொடுத்த அதே சர்க்கார்தான் திரும்பக் கூட்டிவந்து நாற்காலி போட்டது.

கமிஷனில் என்னை விசாரித்தபோது நீதிபதி இளநீரை உறிஞ்சிக்கொண்டே, "உன் பையன் குடிப்பானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "டீ குடிப்பானுங்க சாமி" என்றேன். சிரித்தார். அதன் பிறகு மகன் போனில் சொன்னதைச் சொன்னேன். "போன்ல சொன்னதெல்லாம் சாட்சி ஆகாதும்மா" என்றவர், டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்து, ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். அவளும் அதை அடிக்கவில்லை.

அதன் பிறகு அறிக்கை வந்தது. இந்துமதி பேப்பரில் படித்துக் காட்டினாள். யாரும் சொல்லாமல் தொழிலாளிகள் தாங்களாகவே தொட்டியில் இறங்கினார்கள் என்று எழுதியிருந்தார். என் மகன் முழங்கால் தண்ணீர் வாய்க்காலுக்கே பயப்படுவான்.

அதன் பிறகு கொஞ்ச நாளிலேயே பட்டறை முதலாளிகள் தங்கள் சமரசக் குழுவுக்கு அவரையே தலைவராகப் போட்டு, மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். கம்பெனி வேனில் போகும்போது அவர் படம் போட்ட பேனரைப் பார்த்தேன்.

விழா அன்று காலையில் ஜவுளிக்கடைக்குப் போய்க் கோடி கேட்டேன். எங்கள் பக்கம் செத்தவர் மேல் உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணிக்கு அதுதான் பெயர். கடைக்காரர், "ஆருக்குங்க்கா? எப்ப எடுக்கறாங்க?" என்றார். "ரிட்டயர்டு ஆயி ஆறு வருசமாச்சுங்க, இன்னும் எடுக்கலீங்க" என்றேன்.

அந்தத் துணி என் மகனுக்கு வந்த கோடிதானா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்கள். இல்லை. அவன் உடம்பை ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்து நேராக எரிக்கக் கொண்டுபோய்விட்டதால், என் அண்ணன் மருதாசலம் கொண்டுவந்த கோடி போடாமலே பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்து இந்த ஆளுக்குப் போடுவேனா? கடையில் இருப்பதிலேயே மட்டமானதாகப் பார்த்து வாங்கினேன்.

அதன் பிறகு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மடித்து, பொன்னாடைக் கவரில் போட்டுக்கொண்டு மண்டபத்தில் வரிசையில் நின்றேன். "சீக்கிரம் ஏறுங்கம்மா, போட்டோகிராபர் வெயிட்டிங்" என்று ஒரு தம்பி என்னை மேடைக்கு ஏற்றிவிட்டார். நீதிபதி, மற்றவர்களுக்குக் குனிந்த மாதிரியே எனக்கும் தலையைக் குனிந்து கொடுத்தார். நான் போர்த்தினேன். "நன்றிம்மா, எந்த ஊரு?" என்றார். என்னை எதிரே நிற்க வைத்து அத்தனை கேள்வி கேட்டவருக்கு என் முகம் தெரியவில்லை. கேமராவைப் பார்த்து, கோடியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர்தான், "அடக் கெரகமே, கோடியப் போட்டுட்டாளப்பா!" என்று சத்தம் போட்டார். அதன் பிறகு கூச்சலாகி, துப்பாக்கி போலீஸ் என் கையைப் பிடித்து இறக்கியது. கோடி போட்டால் அழ வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை.

பொன்னாடை என்று நினைத்துத் தெரியாமல் போட்டதாகவோ, மகன் போன துக்கத்தில் புத்தி தடுமாறிச் செய்ததாகவோ எழுதிக் கொடுத்தால் நீதிபதி ஐயா பெரிய மனசோடு விட்டுவிடுவார் என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார்கள். அண்ணனும், "எழுதிக் குடுத்துட்டு ஊட்டுக்கு வா ஆயா, உள்ள வெச்சுருவாங்க" என்றார். நான் மறுத்துவிட்டேன். புத்தி சரியில்லை என்று எழுதினால், மேனேஜர் இறங்கச் சொன்னார் என்பதும் புத்தி சரியில்லாதவள் பேச்சாகிவிடும்.

துணியை வழக்குச் சொத்தாக எடுத்து வைத்திருப்பதாகவும், வழக்கு முடிந்ததும் மனுக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். போட்ட கோடியைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்களில் இல்லை. அவரிடமே கொடுத்துவிடவும்.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். மேனேஜர் தொட்டிக்குள் இறங்கச் சொன்னார் என்பது இதில் இருக்கிறது. சொன்னது அத்தனையும் நிசம், சுயபுத்தியோடு சொன்னது.

(ஒப்பம்) சு. ஆயம்மாள்