கப்பல் மரத்துப் படி

...ஒரு ஆணி கூட அடிக்கக்கூடாதாமே, எங்கயாவது உண்டா தம்பி இது? என் வீடு, என் சுவரு, என் ஆணி! பார்த்து, பார்த்து... தலையைக் குனிஞ்சுக்குங்க. நடுவுல ஒரு படி ஆடும், அதை மிதிக்காதீங்க, தாண்டிடுங்க. கைப்பிடியையும் ரொம்ப நம்பாதீங்க. லைட்டா? இங்க லைட்டு கிடையாது தம்பி. தெருச் சங்கத்துல போட விடல. பல்பு மாட்டினா படியோட தோற்றம் கெட்டுடுமாம். நான் உருண்டு விழுந்தா என் தோற்றம் கெடாதான்னு கேட்டேன். செயலாளர் அதையும் குறிச்சுக்கிட்டாரு. அந்த மனுஷன்கிட்ட எதைச் சொன்னாலும் குறிச்சுக்குவாரு. அதுதான் வினையே... சரி, அது அப்புறம்.

நான் கீழேயே நிக்கிறேன், என் முட்டி இதுல ஏறாது. நீங்க மேல போய் ரெண்டு ரூமையும் நிதானமா பாருங்க. மொட்டைமாடிக் கதவு திறந்துதான் இருக்கு. நான் இங்கேர்ந்து பேசிக்கிட்டே இருக்கேன், குரல் நல்லா மேல ஏறும். இந்தப் படில சுலபமா ஏறுறது அது ஒண்ணுதான்.

ஏறிட்டீங்களா? அப்பாடா!

காத்து எப்படி வருது பார்த்தீங்களா? மொட்டைமாடில நடுவுல முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டைச்சுவரு தெரியும். அந்தப்பக்கம் எங்க ஓரகத்தி வீடு. அங்க என்னத்தைப் பார்க்குறீங்க, நம்ம பக்கம் பாருங்க.

நம்ம குடியிருப்போர் நலச் சங்கத்தைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க தம்பி. முன்னாடி நல்லாத்தான் இருந்தாங்க. சாக்கடை அடைச்சா ஆளைக் கூட்டிட்டு வருவாங்க, தெருவிளக்கு எரியலைன்னா ஆபீசுல போய் கத்துவாங்க. எல்லா விளக்கும் எரிய ஆரம்பிச்சுதா, அவங்களுக்கு வேலை இல்லாம போச்சு. உடனே பழமையைக் காப்பாத்தக் கிளம்பிட்டாங்க! முனைல ஒரு பழைய தபால்பெட்டி. அதைச் சுத்தி கம்பிவேலி போட்டாங்க. வேலி போட்டதும் ஒருத்தரும் உள்ள கைய விட்டு தபால் போட முடியல. சரி, பெட்டி பத்திரமா இருக்குல்லன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டாங்க.

செயலாளர் சர்வே ஆபீசுல இருந்து ரிட்டையர் ஆனவரு. தங்கமான மனுஷன், ஆனா சட்டைப்பையில எப்பவும் அளவு டேப்பு இருக்கும். எனக்குக் காய்ச்சல்னு பார்க்க வந்தவரு, எப்படி இருக்கீங்கன்னு கூட கேக்கல, தலைமாட்டு ஜன்னலை அளந்துட்டுப் போயிட்டாரு. அவருதான் இந்தப் படிக்குக் கீழ 'கப்பல் மரத்துப் படி, பாதுகாக்கப்பட்டது'ன்னு பலகை மாட்டினது. மாட்டினதோட சரி, பெயின்ட் அடிக்கக்கூடாது, மரத்தை மாத்தக்கூடாது, ஆடுற படியை இறுக்கக்கூடாது. ஆட்டமும் பழமையாம்! எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அவருக்கு 'முடியாது'ங்குற வார்த்தையே வாயில வராது. கல்யாணத்துக்குக்கூட அப்படித்தான் சம்மதிச்சிருப்பாருன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

உங்க பீரோ எவ்வளவு பெருசு தம்பி? இல்ல, சும்மா கேட்டேன். முதல்ல ஒரு நர்சம்மா குடிவந்தாங்க. அவங்க பீரோ பாதிப் படில மாட்டிக்கிச்சு. ஏத்தவும் முடியல, இறக்கவும் முடியல. கைப்பிடியைக் கழட்டலாம்னா சங்கத்துல அனுமதி வாங்கணும், அனுமதிக்குக் கூட்டம் போடணும், கூட்டத்துக்கு ஆள் சேரணும். அதுவரைக்கும் பீரோ அங்கயே நின்னுச்சு. எங்க வீட்டுக்காரர் அதுக்கு அடியில தவழ்ந்து போய்தான் துணி காயப்போட்டாரு. அந்த ஞாயித்துக்கிழமை பார்க்க வந்தவங்க, பீரோவும் அந்தக் காலத்துதான்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க!

ஆமா... ஞாயித்துக்கிழமை கொஞ்ச பேரு வருவாங்க. சொல்லலையா நான்? காலைலதான். தொப்பி போட்டுக்கிட்டு தெருத்தெருவா பழசெல்லாம் பார்த்துக்கிட்டு வருவாங்க. ஒரு தொந்தரவும் இல்ல. நர்சம்மாவுக்கு அப்புறம் ஒரு டியூஷன் வாத்தியார் இருந்தாரு. அவரு குளிச்சுக்கிட்டு இருக்கும்போது ஒருத்தர் வெளில நின்னு, 'ஐயா, உள்பக்கத் தாழ்ப்பாள் இரும்பா பித்தளையா?'ன்னு கேட்டிருக்காரு. இவரும் மரியாதையா பார்த்துப் பதில் சொல்லிட்டு, தலையைத் துவட்டினதும் பெட்டியைக் கட்டிட்டாரு. இதுக்கெல்லாமா காலி பண்ணுவாங்க?

மத்தபடி வர்றவங்க படியைத் தடவிப் பார்ப்பாங்க, முகர்ந்து பார்ப்பாங்க. கடல் வாசனை வருதாம். அது நான் துடைக்கிற பினாயில் தம்பி!

சரி, நேராவே சொல்லிடுறேன். இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள மாடிக்கு ஆளு வரணும். இல்லைன்னா சங்கத்துக்காரங்க அதைக் காட்சிசாலை ஆக்கிடுவாங்க. பழைய விளக்குக் கம்பம், உடைஞ்ச எடை மெஷின், எந்தக் கட்டடத்துல இருந்து கழட்டினாங்கன்னே தெரியாத கதவு, அந்தத் தபால்பெட்டி, எல்லாம் வருதாம். 'காலியா கிடந்தா எடுத்துக்குங்க'ன்னு எங்க வீட்டுக்காரர் தலையாட்டிட்டாரு. நீங்க வரலைன்னா தபால்பெட்டி குடிவந்துடும் தம்பி. பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா, வாத்தியாரும் போயிட்டாரு, மேல சத்தமே இல்ல. தலைக்கு மேல ஒரு மனுஷன் நடக்குற சத்தம் கேட்டா போதும் எனக்கு. தபால்பெட்டி நடக்குமா?

இவ்வளவுக்கும் அந்தப் பலகை முதல்ல எங்க வீட்டுக்கு வர்றதாவே இல்ல. மாமனார் போனதும் எங்க வீட்டுக்காரரும் அவரு அண்ணனும் வீட்டுக்கு நடுவுல சுவரு எழுப்பினாங்க. அண்ணனுக்குத் தூண் வெச்ச கூடம், நமக்கு மாடிப்படி. சங்கத்துல தூணுக்குத்தான் பலகைன்னு முடிவு பண்ணியிருந்தாங்க. அக்கா, அதான் எங்க ஓரகத்தி, தூணுக்கெல்லாம் எண்ணெய் தடவி, நல்ல புடவை கட்டிக்கிட்டு, தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்றாங்க. எனக்கு மட்டும் சொல்லல! பக்கத்துச் சுவருல இருக்கேன், எனக்குச் சொல்லல! வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க.

செயலாளரை ஒரு டீ குடிச்சுட்டுப் போங்கன்னு உள்ள கூப்பிட்டேன். பேச்சுவாக்குல, 'தூண் என்ன சார் தூணு, இந்தப் படி கப்பல் பாய்மரத்துல செஞ்சது'ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், பேனாவைத் திறந்துட்டாரு. அப்புறம் நிறுத்த முடியுமா? பால் பொங்குறதுக்குள்ள புயல் வந்துடுச்சு, பாய்மரம் உடைஞ்சுடுச்சு, ஒரு கப்பல் தச்சர் அதைத் தோள்ல போட்டுக்கிட்டு கரையேறிட்டாரு. சர்க்கரை போடும்போது அந்தத் தச்சருக்கு ஒரு கால் போயிடுச்சு. செயலாளர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. டீ ஆவியா, கண்ணீரான்னு எனக்குத் தெரியல.

நிஜப் படியா? அதைக் கரையான் தின்னு எத்தனையோ வருஷம் ஆச்சு. இது எங்க வீட்டுக்காரர் ஒரு லாட்ஜு இடிச்சப்ப வாங்கிட்டு வந்தது. அடிப்பக்கம் 'குளியலறை இந்தப் பக்கம்'னு அம்புக்குறி போட்டு எழுதியிருக்கும். ஒருநாள் செயலாளர் டார்ச்சை எடுத்துக்கிட்டு தரையில மல்லாந்து படுத்துட்டாரு, அடிப்பக்கம் பார்க்கணும்னு. எனக்கு உயிரே போயிடுச்சு! ஒரு வாளித் தண்ணியைக் கைதவறிக் கொட்டுற மாதிரி கொட்டினேன். எந்திரிச்சுட்டாரு.

சொல்லிடலாம்னு எனக்கும் தோணும். அப்படித் தோணின வாரமே ஒரு வயசான அம்மா வந்தாங்க. கைப்பிடியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. அவங்க அப்பா கப்பல்ல போனவராம், திரும்பி வரவே இல்லையாம். அவங்ககிட்ட போய், 'அம்மா, இது லாட்ஜுப் படி'ன்னு சொல்றதா? ரெண்டு பிஸ்கட்டும் டீயும் குடுத்து, கன்னத்தைத் துடைச்சுவிட்டு அனுப்பினேன். இன்னொண்ணு, சொன்னா அக்கா சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டிக் கேக்கும். அதைவிட நான் இருட்டுலயே ஏறிடுவேன்.

அவங்களுக்கென்ன! பலகை கிடைக்கலையா, ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தூணை எடுத்துட்டு காரு நிறுத்த இடம் பண்ணிட்டாங்க. வெளிப்பக்கமா அகலமா இரும்புப் படி, ரெண்டு பக்கமும் கைப்பிடி, பட்டனைத் தட்டினா பளிச்சுன்னு லைட்டு. கேக்க ஆளு இருக்கா? அவங்க மாடில ஒரு பக்கம் இன்னும் காலிதான், வாசல்ல எழுதிக்கூடப் போட்டிருக்காங்க. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. நீங்க வரும்போது அது முன்னாடி நான்தான் குடையை விரிச்சுக்கிட்டு நின்னேனே...

தம்பி?

என்ன, சத்தத்தையே காணோம்? பிடிச்சிருக்குல்ல? இறங்கி வாங்க, டீ போடுறேன். இறங்கும்போது முகத்தைப் படிப்பக்கமா வெச்சுக்கிட்டு, ஏணில இறங்குற மாதிரி... தம்பி?

டங்கு டங்குன்னு கேக்குதே. நம்ம படி கிறீச்சுன்னுதானே கத்தும்... ஐயோ, குட்டைச்சுவரைத் தாண்டிட்டீங்களா? அக்கா குரல் கேக்குது! 'மெதுவா என்ன தம்பி, கண்ணை மூடிக்கிட்டே இறங்கலாம்'ங்குறாங்க. அக்கா! அக்கா, அந்தத் தம்பி என் வீடு பார்க்க வந்தவரு! சிரிக்கிறாங்க. அதோ, சிரிக்கிறாங்க...

வாசல்ல யாரு? செயலாளர் சாரா, வாங்க சார். இன்னைக்கேவா அளக்கணும்? மாடியா... மாடி காலியாத்தான் சார் இருக்கு. ஆனா தபால்பெட்டி இந்தப் படில ஏறாதே, ஒரு பீரோவே ஏறலையே! என்னது? கைப்பிடியைக் கழட்டிடலாமா? அதுக்குக் கூட்டம் போட வேண்டாமா? ஓகோ, சங்கத்து வேலைன்னா வேண்டாமா! என்ன... படியையும் ஒவ்வொண்ணாக் கழட்டித் திருப்பி வெச்சு...

இருங்க சார், இருங்க. கையை வெச்சுடாதீங்க. உள்ள போய் ஒரு வாளித் தண்ணி எடுத்துக்கிட்டு வந்துடுறேன்.