சேலை கார்டு வச்ச ரேஸ் வண்டி

இல்ல தம்பி, உள்ள போவாதீங்க. இங்கயே ஒக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இந்தப் பலகையில ஒக்காருங்க. வண்டி எங்கயும் ஓடிப்போவல. கதவுக்கு அந்தாண்ட, தறிக்கூடத்துலதான் நிக்குது. சோழவரத்துல ரேஸு நாளன்னிக்கிதான? ஞாயித்துக்கெழம? இன்னிக்கி வெள்ளிதான். அப்பறம் இன்னா அவசரம்? வேனு தெருமொனையில நிக்குதுன்னா நிக்கட்டும். காப்பி சாப்புடுவீங்க இல்ல? கொஞ்சம் லேட்டாவும். போடறவங்க வேற வேலையா இருக்காங்க.

அதுவா? பாம்முனு ஒரு சத்தம், அதான? பக்கத்து வூட்டு எருமை தம்பி. சளி புடிச்சிருக்குது. பனி இல்ல?

அந்த போட்டோவா? நான்தான். நம்ப முடியலியா? நாப்பத்தி நாலாவது வருசம் எடுத்தது. அப்ப எனக்கு இருவத்தாறு வயசு. சண்டை நடந்துக்கினு இருந்திச்சி, ஆவடியில பட்டாளத்து ஒர்க்ஷாப்புல இருந்தேன். மோட்டார்சைக்கிள் மேல ஒக்காந்துக்கினு, கண்ணுக்குக் கண்ணாடி, கழுத்துல துணி பின்னாடி பறக்குது பாருங்க. எல்லாரும் அந்தத் துணியைத்தான் மொதல்ல சொல்லுவாங்க. உமாபதி இன்னா வேகத்துல போயிருக்கான், துணி தரைக்குப் படுத்தாப்புல பறக்குதேன்னு. அதைப் பத்தி அப்பறம் சொல்றேன்.

எனக்கு ஒரு வியாதி தம்பி. ஒண்ணைச் செய்யறப்ப யோசிக்க மாட்டேன். செஞ்சி முடிச்சிட்டு, ஏன்டா செஞ்சோம்னு பத்து நாளு யோசிப்பேன். சாப்பாடு எறங்காது. உங்க வண்டி விசயத்துலயும் அதான். பண்ணது தப்பா, ரைட்டா? நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

கார்த்திகையில மூணு கோணி மூட்டையைக் கொண்டாந்து எறக்கினீங்க. போன வருசம் ரேஸுல வண்டி வுழுந்துட்ச்சின்னீங்க. எனக்கு வண்டி வுழுந்த மாதிரி தெரியல, வண்டி மேல கோயில் தேரு வுழுந்த மாதிரி இருந்திச்சி. நான் பம்ப்செட்டு பாக்கறவன், நெல்லு மிஷினு பாக்கறவன். பட்டாளத்துல மோட்டார்சைக்கிள் பாத்தவர்னு யாரோ சொல்லி வந்தீங்க. அது மெய்தான். பாத்தேன். ரிப்பேரு பாத்தேன்.

மழைன்னா அப்பிடி மழை. பின்னாடி இருக்கற என் ஷெட்டு தகரக் கூரை, சல்லடை மாதிரி ஒழுவுது. உங்க என்ஜினுக்கு நான் கொடை புடிச்சிக்கினு நிக்கறேன். அப்பறம்தான் தறிக்கூடம் ஞாபகம் வந்திச்சி. பூவம்மாள் தறி காலியா இருந்திச்சி தம்பி. பூவம்மாள்னா என் சம்சாரம். மழைக்காலத்துல தறியில ஏத்தற பாவு நூலை எங்க கொண்டுபோயி தெருவுல நீட்டறது? பட்டு நமுத்துப்போவும். தறி சும்மாதான கெடக்குதுன்னு மரத்தையெல்லாம் கழட்டி ஓரமா சாத்திட்டு, காலைத் தொங்கப் போட்டு மிதிக்கற தறிக்குழி இருக்குதில்ல, அது மேல ரெண்டு பலகையைப் போட்டு உங்க வண்டியை நிறுத்திட்டேன். குழிக்குள்ள எறங்கி நின்னா வண்டியோட வயிறு கண்ணுக்கு நேரா இருக்குது. மெட்ராஸ்ல பெரிய பெரிய கம்பெனியில கூட இப்பிடி வசதி இருக்காது.

பூவம்மாள் சும்மா இருப்பாளா? யோவ், பட்டு தொட்ற எடத்துல எண்ணெயைக் கொட்டறியே, உனுக்கு மூளை இருக்குதா இல்ல அதையும் கழட்டி வச்சிட்டியான்னா. ஒரு வாரம் பேசல. எட்டாவது நாளு ஓரமா வந்து ஒக்காந்தா. ஒம்பதாவது நாளு, அந்த நட்டு தெத்தா, கோணலா இருக்குதுன்னா. மெய்யாலுமே தெத்தா இருந்திச்சி.

அப்பறம் சக்கரம். உங்க பின் சக்கரம் அப்பளம் மாதிரி கோணிப் போச்சி இல்ல? புது ரிம்மு அனுப்பினீங்க. நாப்பது கம்பி. ஒண்ணு மேல ஒண்ணு தாண்டி, ஒண்ணு கீழ பூந்து, அப்பிடி மாட்டணும். நாலு நாளு மாட்டறேன், கழட்டறேன். சுத்தி வுட்டா சக்கரம் ராட்டினம் மாதிரி ஆடுது. அஞ்சாவது நாளு அவ அடுப்புல ஒலை வச்சிட்டு வந்தா. தள்ளுய்யான்னா. நாலாயிரம் இழை பாவைக் கண்ணை மூடிக்கினு கோக்கறவ தம்பி. நாப்பது கம்பி அவளுக்கு இன்னா? சோறு வேவறதுக்குள்ள மாட்டி, ஒவ்வொண்ணா சுண்டி சத்தம் கேட்டு முறுக்கி, சுத்தி வுட்டா. ஒரு முடி அளவு ஆடல. அந்தச் சக்கரம் அவ செஞ்சது, நான் செஞ்சதுன்னு பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லிச் சொல்லித்தான் இந்த நெலமையில இருக்கேன்.

கூலியா? கேட்டா. இன்னா கேட்டான்னு அப்பறம் சொல்றேன்.

எருமைதான் தம்பி. அதே எருமைதான். ரெண்டு தபா கத்தினா ரெண்டு எருமையா?

என்ஜினு நல்லா ஓடுது. ஓட்டிப் பாத்தேன். ரோட்டுலயா? ரோட்டுல இல்ல. ஸ்டாண்டு போட்டு, ஒரே எடத்துல. நம்ம எதுத்த வூட்டு செல்லியம்மாள் வயசானவங்க, மார்கழி பஜனை கோஷ்டி வேற வருது, அந்தச் சத்தத்துல சுண்டல் தட்டைப் போட்டுட்டு ஓடினாங்க. அதனால ஒரு சைலன்சரு மாட்டினேன்.

ஏன் எழுந்துக்கறீங்க? சைலன்சர் இருந்தா வேகம் கொறையுமா? எனக்கு எப்பிடித் தெரியும்? நான் ரேஸு பாத்ததே இல்லியே. ஒக்காருங்க. இன்னும் கொஞ்சம் இருக்குது.

ஹெட்லைட்டு ஒண்ணு வச்சிருக்கேன். இருங்க, இருங்க. லைட்டே இல்லாம ஓட்டினீங்க, வுழாம இன்னா பண்ணுவீங்க? அப்பறம் மட்கார்டு, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஹாரனு, ரப்பர் ஹாரனு, அமுக்கினா பாம்முனு...

ஆமா தம்பி. எருமை இல்ல.

அதை வுடுங்க, அதுக்கு வரேன். பின்னாடி ஒரு சீட்டு. பழைய பஸ்ஸு சீட்டுத் துணி, நல்லா மெத்துனு இருக்கும். கால் வைக்க ஒரு படி. டிபன் கேரியர் மாட்ட ஒரு கொக்கி. அப்பறம் சேலை கார்டு.

சேலை கார்டுதான். பின் சக்கரத்துல முந்தானை மாட்டிக்காம இருக்கறதுக்கு வலை மாதிரி ஒரு கம்பி. பரசுராமன் வெல்டிங் கடையில பூ டிசைன் போட்டு வளைச்சிக் குடுத்தாரு. காஞ்சிவரத்துல செஞ்ச வண்டியில சேலைக்குப் பத்திரம் இல்லன்னா ஊரு சிரிக்காதா?

தம்பி, தலையில கையை வைக்காதீங்க, பயமா இருக்குது. வெயிட்டா? ஏறியிருக்கும். ஒரு இருவது கிலோ. முப்பது இருக்கும். சிட்டிபாபு தம்பி, அழுவறீங்களா? சிரிக்கறீங்களா? எனக்குக் கண்ணாடி இல்லாம சரியாத் தெரியல.

சரி, மெய்யைச் சொல்லிடறேன். மெதுவாப் பேசறேன், கிட்ட வாங்க.

சக்கரம் கட்டி முடிச்சாளே, கூலி இன்னா வேணும் பூவுன்னு கேட்டேன். நான் சும்மா தமாசுக்குக் கேட்டேன். அவ சொன்னா, தாமல் ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போவுதாம், தண்ணி கொட்டற சத்தம் ரோட்டுக்கே கேக்குதாம், எல்லாரும் பஸ் ஏறிப் போயிப் பாத்துட்டு வராங்க, என்னை இந்த வண்டியில ஒரு தபா இட்டுக்கினு போயிக் காட்டு. நீதான் பட்டாளத்துல மோட்டார் ஓட்டினவனாச்சேன்னா. இருவத்தி நாலு வருசத்துல அவ என்னை ஒண்ணும் கேட்டதில்ல தம்பி. உப்பு வாங்கிக்கினு வான்னு கூட கேட்க மாட்டா, அவளே போயி வாங்கிடுவா. நான் சரின்னுட்டேன். செய்யறப்ப யோசிக்க மாட்டேன்னு சொன்னேன் இல்ல?

வண்டி மார்கழி பாதியிலயே ரெடி. போலாமான்னா. லைட்டு இல்லியே பூவுன்னேன். பகல்லதான போறோம்னா. பனிம்மா, எதுர்ல வர லாரி தெரியாதுன்னேன். அப்ப லைட்டு மாட்டுன்னா. மாட்டினேன். போலாமான்னா. ராஜவீதியில மாடு படுத்துக்கினு இருக்குது, ஹாரன் இல்லாம எப்பிடின்னேன். மாட்டினேன். போலாமான்னா. சேறு அடிக்கும்னேன். மட்கார்டு. ஒக்கார எடம் ஏதுன்னேன். சீட்டு. அப்பறம் எனக்கே ஒண்ணும் தோணல, ரெண்டு நாளு யோசிச்சிட்டு, சேலை மாட்டிக்குமேன்னேன். அதுக்கு அவ இன்னா சொன்னா தெரியுமா? அதானே, இன்னும் அது ஒண்ணு பாக்கி இருக்குதேன்னு நினைச்சேன்னா. நேத்துதான் அதையும் மாட்டி முடிச்சேன். டிபன் கேரியர் கொக்கி நானா வச்சது. அது எதுக்கு வச்சேன்னு எனக்கே புரியல.

நேத்து வரைக்கும் சாக்கு இருந்திச்சி. இன்னிக்கிக் காலையில எழுந்து பாக்கறேன், குளிச்சி, அரக்குல பச்சை பார்டர் போட்டு அவளே தறியில நெஞ்ச சேலை, அதைக் கட்டிக்கினு, தலையில பூ வச்சிக்கினு, பின் சீட்டுல ஒருக்களிச்சி ஒக்காந்திருக்கா. டிபன் கேரியர் கொக்கியில தொங்குது. எலுமிச்சங்கா சோறு. தம்பி வந்து வண்டியை எடுத்துக்கினு போறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம், ஏறுய்யான்றா. ஆறு மணியிலருந்து ஒக்காந்திருக்கா. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா கையை நீட்டி ஹாரன் அடிக்கறா.

நீங்க சொல்றது சரி, எல்லாத்தையும் கழட்டிடலாம். ஒரு மணி நேரத்துல கழட்டிக் குடுத்துடறேன், மொட்டையா, நீங்க கேட்ட மாதிரி. ஆனா கழட்டணும்னா அவ எறங்கணும். அவ எறங்கணும்னா தாமல் ஏரியைப் பாக்கணும்.

நான் இட்டுக்கினு போவறதுக்கு இன்னாவா?

அந்தத் துணியைப் பத்திச் சொல்றேன்னு சொன்னேன் இல்ல? போட்டோவுல பறக்குதே, அது. அது பறக்கல தம்பி. வண்டி ஸ்டாண்டு மேல நின்னுக்கினு இருந்திச்சி. சாமுவேலுன்னு என்னோட வேலை செஞ்சவன், துணி நுனியில ஒரு நூலைக் கட்டி, போட்டோவுக்கு வெளிய நின்னு இழுத்துப் புடிச்சிக்கினு இருந்தான். எங்கம்மா அந்த போட்டோவைத்தான் பொண்ணு வூட்டுக்குக் கொண்டுபோனாங்க. மோட்டார் ஓட்டற மாப்பிள்ளைன்னு சொன்னாங்க. நான் இல்லன்னு சொல்லல. அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நடுவுல இருவத்தி நாலு வருசம் போயிட்டுது. நானும் சும்மா இருந்தனா? பெங்களூர் ரோட்டுல எம்பது மைல் வேகத்துல கர்னலுக்குத் தபால் கொண்டுபோன கதையெல்லாம் சொல்லியிருக்கேன். கர்னல் பேரு கூட வச்சிருக்கேன்.

எனக்கு மோட்டார்சைக்கிள் ஓட்டத் தெரியாது தம்பி. சைக்கிளே தள்ளிக்கினுதான் போவேன்.

நீங்க ஒரு ஒதவி பண்ணுங்க. உள்ள போயி, ரேஸு சட்டப்படி இந்த வண்டியை நீங்கதான் ஓட்டணும்னு சொல்லுங்க. இல்லன்னா எனக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு சொல்லுங்க. அவளை ஏரி வரைக்கும் கொண்டுபோயிக் காட்டிட்டுக் கொண்டாந்து வுட்டுடுங்க. நான் பின்னாலயே பஸ்ஸுல வந்துடறேன். மெதுவாப் போங்க. மாடு வந்தா ஹாரன் அடிங்க. அதுக்குத்தான...

ஏன் சத்தத்தையே காணோம்? அஞ்சு நிமிசம் தாண்டிப்போச்சே.

பூவு! எப்ப வந்து நின்ன? கதவுக்குப் பின்னாடியேவா? எங்கருந்து கேட்ட? இடுப்பு புடிச்சதுலருந்தா? இல்லியா? சாமுவேலுலருந்தா?

இன்னா? இன்னா சொல்ற?

தம்பி, கேட்டீங்களா? போட்டோவுல நூலு தெரியுதாம். பொண்ணு பாக்கறப்பவே பாத்துட்டாளாம். ஒத்தை இழை, வெள்ளை நூலு, இடது ஓரத்துல. எங்க? எனக்குத் தெரியலியே. இருவத்தி நாலு வருசமா தெனம் இதுக்குக் கீழதான சாப்புடறேன்? நீங்க பாருங்க தம்பி, உங்களுக்குத் தெரியுதா?

தெரியுதா?

அப்ப லைட்டு, ஹாரனு, மட்கார்டு, இதெல்லாம் எதுக்குடி மாட்ட வச்ச? ...ஓ. நான் வாயைத் தொறந்து சொல்றனா, இல்ல ஊர்ல இரும்பு தீர்ற வரைக்கும் மாட்டிக்கினே இருக்கறனான்னு பாத்தியா? சேலை கார்டுலயே சொல்லிடுவேன்னு நினைச்சியா? சொல்லியிருக்கணும். தப்புதான். கர்னலுமா? கர்னலும் பொய்தான்.

சரி பூவு, தம்பி ஒத்துக்கிச்சி. தம்பி ஓட்டும், நீ போயிட்டு வா. சோறு எடுத்துக்கினு போ. ஏன் நிக்கற? நான் வரலன்னா உனுக்கு ஏரி எதுக்கா? அப்பிடின்னா எப்பிடி? ரேஸு வண்டி பூவு இது. மூணு பேரா?

தம்பி, எங்க கெளம்பறீங்க? ஒக்காருங்க. ஒரு நிமிசம். போவ எட்டு மைலு, வர எட்டு மைலு. வந்தவுடனே எல்லாத்தையும் கழட்டிடறேன், சத்தியமா. நான் ஒல்லிதான், நடுவுல எடம் பிடிக்காது. பூவு, நீ மொதல்ல ஏறு, முந்தானையை உள்ள சொருவிக்கோ. கார்டு இருக்குது, பயப்படாத. நான் எங்க புடிச்சிக்கறது? தம்பி தோளையா? இப்பிடியா?

தம்பி, கொஞ்சம் முன்னாடி தள்ளி ஒக்காருங்க.