மாமியார் வயிற்றில் ஒரு வால்வு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ராஜபாளையத்தில் லேத் பட்டறை போட்டேன், பம்புசெட் வால்வு செய்தேன், மாடி வீடும் கட்டினேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை.

நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. ஒருவர் முகம் ஒருவர் பார்க்காமல் நின்ற ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து உட்காரட்டும் என்று எழுந்துகொண்டேன். செத்த நேரத்தில் மாமியார் ஆரம்பித்தார்.

"ஏட்டி, என் வயித்துல வைக்கப்போற மருந்துப் பெட்டிய நீ போன்ல திறப்பியாமே? எனக்கு அது வேண்டாம்."

"அதுக்குள்ள அரிசி மணி கணக்கா ஒரு வால்வு, அத்தை. போன்ல சொன்னா திறந்து, முதுகுவலிக்கு மருந்து விடும்."

"நாம சண்டை போட்டா? வலியில கெடக்கட்டும்னு விட்ருவ."

"ஒங்க போன்லயும் போட்டுத் தாரேன். நீங்களே திறங்க."

"பேட்டரி தீந்தா மருந்து அம்புட்டும் ஒழுகிராது?"

"மூடிக் கெடக்க கரண்டே வேண்டாம். திறக்கத்தான் துளி வேணும்."

"எனக்குப் போன் பாக்கக் கண்ணு தெரியாது. ஒன் போன்லயே இருக்கட்டும். சண்டை போட்ட அன்னைக்கு ரெண்டு சொட்டு கூட விடு."

"அது டாக்டர் வச்ச அளவு. நான் கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது."

"அப்பச் சரி, வைக்கச் சொல்லு."

இறங்கும்போது மாமியாரின் பையை மருமகள் வாங்கிக்கொண்டாள். அந்த வால்வைச் செய்தவன் பேர் பேப்பரில் வரும். இருவரையும் ஒரே சீட்டில் உட்காரவைத்தவன் நான். அதையும் சேர்த்துப் போட வேண்டும்.