ஆலமரத்தைக் காப்பாற்றிய படம்

— மெஷின நிறுத்துண்ணா! ஆலமரத்துல கை வெக்காத!

— நிறுத்திட்டேன், கத்தாத குழலி. சுடுகாட்ல பொதச்சவன் எய்ந்து வந்துரப் போறான். காலேஜிக்கிப் போவாம இங்க இன்னா வேல உனக்கு?

— இந்த மரத்த வுட்டுர்றோம்னு ரோடு ஆபீசர் என்னாண்ட சொன்னாருண்ணா. கூடப் பொறந்தவன் நீயே வந்து அறுக்குறியே!

— த பாரு, காட்ன மரத்த அறுக்குறவன் நான். போன வருசம் ரோடு போட வந்தப்ப, எந்த மரம் முக்கியம்னு படம் போட்டுக் குடுத்தது யாரு?

— நான்தான். எந்த மரத்துப் பழத்த எந்தக் குருவி, எந்த வவ்வாலு துன்னுதுன்னு பாத்துப் பாத்து, ஒவ்வொண்ணுக்கும் மரத்துலேர்ந்து ஒரு கோடு இழுத்தேன். ஆலமரத்துக்குத்தான் கோடு ஜாஸ்தி.

— அதான். ஜாஸ்தி கோடு உள்ள மரத்த வுட்டுட்டு மீதிய சாய்ச்சுடுன்ட்டானுங்க. இங்க அம்மாவ பொதச்ச தலமாட்டுல நட்ட நாவல் மரத்துக்கு எத்தினி கோடு போட்ட?

— ரெண்டு.

— ஒரு வவ்வாலு, ஒரு குயிலு. அத்த அறுக்க சொல்லோ எனக்கு நெஞ்சே வெடிச்சுப் போச்சு. நைனா இன்னும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது, தெரியுமா?

— அம்மா மரம்னு ரெண்டு கோடு கூட்டியாண்ணா போட முடியும்?

— போட்டா இன்னா கொறஞ்சி போவ? சரி வுடு. நீ காப்பாத்துன மரத்த அண்ணாந்து பாரு. ஒரு வவ்வாலு தொங்குதா?

— இல்ல. என் தப்புதாண்ணா. ஆலம்பழம் பழுக்கற சீசன்ல மட்டும் வந்து பாத்தேன். அது பழுக்காத மாசத்துல அதுங்க எங்க வயித்த ரொப்புச்சுன்னு பாக்கல.

— எங்க?

— நாவலு, வாதாங்கொட்ட, நுணா. ரெண்டு கோடு, மூணு கோடுன்னு நான் தள்ளுன மரங்கதான் அதுங்கள இங்கயே புடிச்சி வெச்சிருந்துச்சு. அதெல்லாம் போனதும் வவ்வாலு, குருவி எல்லாம் பேசின் பிரிட்ஜ் பக்கம் பூடுச்சு.

— படிச்ச பொண்ணு, இப்டி பேஜாரு பண்ணிட்டியே.

— தெரியாமதாண்ணா. இப்ப சுத்தி கன்னு நட்டா திரும்பி வரும். இத்த மட்டும் வுட்டுரு. ஆபீசரு படிச்சவரு, நான் சொன்னா புரிஞ்சிக்குவாரு.

— நேத்து வந்தாரு. உன் படத்த கைல வெச்சிக்கினுதான் நின்னாரு.

— இன்னா சொன்னாரு?

— 'அந்தப் பொண்ணு கணக்குப்படி பாத்தா இப்ப இதுக்கு ஒரு கோடு கூட இல்ல, வெட்டு'ன்னாரு.